ஐந்து அங்குலம் உள்ளே தள்ளி வைத்த ஜன்னல்கள்

கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் கிடக்க வேண்டும், அம்மா போட்ட ஒரே நிபந்தனை அதுதான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் மாடியில் இருக்கும் படுக்கையறைக்கு ஏற முடியவில்லை, வாசல் திண்ணைக்குப் போகவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதனால் 2021-இல் கடலூரில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் சும்மா கிடந்த இடத்தில் 12-க்கு 14 அடியில் ஓர் அறையை இழுத்துக் கட்டினோம். மூன்று பக்கமும் வெளிச்சுவர், மூன்றிலும் ஒவ்வொரு ஜன்னல். கிழக்கே தெருவைப் பார்த்து 6-க்கு 4 அடியில் பெரியது, அதன் அடியில்தான் கட்டில். வடக்கே அதே உயரத்தில் கொஞ்சம் அகலம் குறைந்தது. மேற்கே, கிணற்றடிப் பக்கம், 3-க்கு 3 அடியில் ஒன்று. இந்த மூன்று ஜன்னல்களோடு மூன்று வருடம் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். வீட்டை இழுத்துக் கட்டப் போகிறவர் யாராவது பூச்சு வேலைக்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது, அதற்குப் பிறகு எல்லாமே இடித்துச் செய்கிற வேலை.

ஜன்னலைச் சுவருக்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் 'தானே' என்று பெயர் வைத்த புயல். 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது எங்கள் பழைய வீட்டு மர ஜன்னல்கள் எல்லாம் சுவரின் வெளிமுகத்தோடு முகமாக இருந்தன, மழை நேராகக் கதவு இடுக்கில் அடித்தது. அப்பா வீட்டில் இருந்த கோணி, பழைய வேட்டி, அம்மாவின் நூல் புடவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுருட்டி இடுக்குகளில் திணித்துக்கொண்டே இருந்தார், நான் பிழிந்து பிழிந்து கொடுத்தேன். புதிய அறையில் அந்தக் காட்சி திரும்ப வரக் கூடாது என்று நினைத்தேன். 9 அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கப் பூச்சையும் சேர்த்தால் பத்தேகால் அங்குலம் வரும். அதில் வெளியே 5 அங்குலம் விட்டு யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டத்தை உட்கார வைத்தோம். வெளியிலிருந்து பார்க்க மாடம் மாதிரி ஆழமாக, அழகாகத்தான் இருந்தது. 

உள்ளே தள்ளி வைத்தால் மழை அடிக்காது என்று நான் நம்பியதில் பாதி சரி. மீதிப் பாதி, அந்த 5 அங்குல ஆழம் ஜன்னலுக்குக் கீழே ஒரு திட்டை உண்டாக்குகிறது என்பது. வெளிமுகத்தோடு இருக்கும் ஜன்னலில் கண்ணாடியில் வழியும் தண்ணீர் அப்படியே சுவரில் இறங்கிப் போய்விடும். உள்ளே தள்ளிய ஜன்னலில் கண்ணாடியில் வழிவது, பக்கச் சுவரில் வழிவது எல்லாம் அந்தத் திட்டில் வந்து சேரும். திட்டு சரியில்லை என்றால் ஜன்னல் காலடியில் நாமே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. 

எங்கள் திட்டு சரியில்லை. கலவையைப் போட்டு மட்டப்பலகையால் இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள், ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது. கொத்து வேலையில் வேறு எங்கேயும் நடுவில் நிற்கும் குமிழியைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், ஜன்னலின் வெளித்திட்டில் மட்டும் கூடாது, தண்ணீர் ஓட அது வெளியே சாய்ந்திருக்க வேண்டும்.

2021 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெய்த மழை இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். வாடைக்காற்றோடு இரண்டாம் நாள் மழை, ராத்திரி இரண்டு மணி இருக்கும், அம்மா கூப்பிட்டார். போர்வையின் ஓரம் நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜன்னலின் சறுக்குக் கதவு ஓடும் பாதையில், உள்பக்க விளிம்பு வரை தண்ணீர் நிரம்பி, அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, சோறு கொதிக்கத் தொடங்கும் போது பானை ஓரத்தில் வருமே அப்படி. காற்று ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும் போதும் குமிழ்கள் அதிகமாகி, தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஜன்னலின் இடது கீழ் மூலையில் இன்னொரு கதை, சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறி, தரைப் பட்டி வரை ஓதம் இறங்கியிருந்தது. கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு விடியும் வரை துணி பிழிந்தேன்.

ஜன்னல் போட்டுக் கொடுத்தவரிடம் சொன்னேன். ஆள் அனுப்பினார். வந்த பையன் வெளியே ஏறி, சட்டம் சுவரைத் தொடும் நாலு பக்கமும் சிலிக்கோன் பசையைப் பட்டையாக இழுத்தான், கீழ்ப்பக்கம் இன்னும் கனமாக. பார்க்கத் திருப்தியாக இருந்தது. அடுத்த மழையில் முன்னைவிட மோசமாக ஒழுகியது.

அது ஏன் என்று எனக்குச் சொன்னவர் அப்பா காலத்துக் கொத்தனார். எழுபது தாண்டியவர், இப்போது சாரம் ஏறுவதில்லை, வேலை இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே குனிந்து சட்டத்தின் அடியில் விரல் நகத்தால் சிலிக்கோனைக் கீறினார். உள்ளே ஒரு சின்னத் துளை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. வீப் ஹோல் என்று ஃபிட்டர்கள் சொல்லும் வடிகால் துளைகள். சறுக்கு ஜன்னலின் பாதையில் தண்ணீர் விழத்தான் செய்யும், விழுந்தது வெளியே போகத்தான் அந்தத் துளைகள். அவற்றில் இரண்டு ஏற்கெனவே பூச்சுக் கலவையால் அடைந்திருந்தன, மிச்சம் இருந்ததைச் சிலிக்கோன் மூடிவிட்டது. "தண்ணி வர்ற வழிய அடைக்கணும் பாப்பா, போற வழிய அடைச்சா அது எங்க போவும்?" என்றார். நான் அந்த வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் பிறகு எல்லா வேலையையும் செய்தேன்.

ஆனால் அவர் உடனே எதையும் உடைக்கச் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து சுவர் நன்றாகக் காய்ந்ததும் ஒரு நாள் வரச் சொல்லி, தோட்டத்து ரப்பர் ட்யூபை எடுக்கச் சொன்னார். உள்ளே நான் டார்ச்சும் பழைய செய்தித்தாளுமாக, தாளை ஜன்னல் அடியிலும் மூலைகளிலும் ஒட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தேன், ஈரம் பட்டால் தாளில் உடனே தெரியும். வெளியே அவர் பேரன் ட்யூபைப் பிடித்தான். முதலில் திட்டுக்குக் கீழே, சுவரில் மட்டும், பத்து நிமிடம். ஒன்றும் இல்லை. அப்புறம் திட்டில் மட்டும். நாலாவது நிமிடம் இடது மூலைத் தாள் நிறம் மாறியது. அங்கே நிறுத்தி, அந்த மூலையை பிளாஸ்டிக் தாளும் டேப்பும் வைத்து மூடிவிட்டு அடுத்தது, சட்டத்தின் அடிப்பகுதி. அதன் பிறகு பக்கங்கள், கடைசியாக மேலே. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துவிடும், எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரம் ஆனது. ஒழுகும் ஜன்னல் வைத்திருப்பவர்கள் ஒரு ரூபாய் செலவு செய்யும் முன்னால் இந்த இரண்டு மணி நேரத்தைச் செலவு செய்யுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். 

நாலு வழி கிடைத்தது. 

முதலாவது திட்டின் மூலை. திட்டும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். மட்டமான திட்டில் தேங்கிய தண்ணீர் அந்த விரிசலில் இறங்கி, செங்கல் வழியே உள்சுவருக்கு வந்திருக்கிறது. தேங்காவிட்டால் அந்த விரிசல் இவ்வளவு வேலை செய்திருக்காது.

இரண்டாவதுதான் என்னை மிகவும் வருத்தியது. சட்டத்தைச் சுவரோடு பிடிக்க அடிப்பாதையின் நடுவில் துளை போட்டு ஆணி முறுக்கியிருந்தார்கள். தண்ணீர் நிற்கப் போகிற இடத்தில், அதன் அடித்தளத்திலேயே ஓட்டை. ஆணித் தலையைச் சுற்றிப் பசை எதுவும் இல்லை. பாதையில் தேங்கியது ஆணி வழியே நேராகச் சுவரின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. இப்படிச் செய்யத் தேவையே இல்லை, இரு பக்கமும் மேலேயும் இரண்டடிக்கு ஒன்றாக ஆணி பிடித்து, கீழே சட்டத்துக்கு அடியில் தகட்டுக் கொக்கி கொடுத்தால் போதும்.

மூன்றாவது அந்தக் குமிழ்கள். இதை நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் வரும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் வினாடிக்கு 20 மீட்டர், அழுத்தம் 240 பாஸ்கல். அது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். அதாவது, அந்தக் காற்று முழுசாக ஜன்னலில் மோதும் போது, பாதையில் தண்ணீர் 24 மில்லிமீட்டர் ஏறும் வரை துளை வழியே வெளியே போகவே போகாது, காற்று அதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும், துளை வழியே புகுந்த காற்று குமிழாக மேலே வரும். எங்கள் பாதையின் உள்விளிம்பை அளந்தேன், 22 மில்லிமீட்டர். துளைகள் எல்லாம் திறந்திருந்தாலும் அந்தக் காற்றில் வழியத்தான் செய்யும். கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு ஜன்னல் வாங்கும் போது கண்ணாடியின் கனத்தைக் கேட்டேன், நிறத்தைக் கேட்டேன், இந்த விளிம்பு எவ்வளவு உயரம் என்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

நாலாவது மேலே. சன்ஷேடின் அடியில், ஓரத்தை ஒட்டி ஒரு பள்ளக்கோடு ஓட வேண்டும். தண்ணீர் ஓரத்தில் வந்ததும் கீழே விழாமல் கான்கிரீட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து வரும், அந்தக் கோடு இருந்தால் அங்கே அறுந்து சொட்டிவிடும். எங்கள் சன்ஷேடில் கோடு இல்லை. பூச்சு போடும் போதே ஒரு கம்பியை வைத்து எடுத்தால் முடிகிற காரியம்.

சன்ஷேடைப் பற்றி இன்னொன்று. நம் ஊரில் ஒன்றரை அடி சன்ஷேடு போட்டுவிட்டால் ஜன்னல் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்கும். காற்று வினாடிக்கு 20 மீட்டர் என்றால் துளி ஓர் அடி இறங்குவதற்குள் இரண்டடிக்கு மேல் பக்கவாட்டில் வந்துவிடும். ஒன்றரை அடி சன்ஷேடும் 5 அங்குல ஆழமும் சேர்ந்து 23 அங்குலம், அது மறைப்பது ஜன்னலின் மேல் 10 அங்குலத்தை மட்டும். 4 அடி ஜன்னலில் மீதி மூன்றடிக்கு மேல் நேராக நனையும். சாதாரண மழைக்கு, வெயிலுக்கு, சன்ஷேடும் ஆழமும் நல்ல துணை. புயலுக்கு ஜன்னலே தாங்கினால்தான் உண்டு.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். 2022 பங்குனியில் கிழக்கு, வடக்கு இரண்டையும் கழற்றினோம். பணம் அவ்வளவுதான் இருந்தது, மேற்கு ஜன்னல் அதுவரை ஒழுகவும் இல்லை, விட்டுவிட்டோம்.

திட்டைக் கொத்தி எடுத்து, வெளிப்பக்கம் அரை அங்குலம் தாழும்படி வாட்டம் வைத்துப் புதிதாகப் போட்டார் பெரியவர். 5 அங்குலத்துக்கு அரை அங்குலம், தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓட அது போதும். ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் காட்டினோம். காய்ந்த பிறகு, பொடியும் திரவமும் கலந்து பூசும் அந்தச் சிமெண்ட் ரப்பர் பூச்சை இரண்டு கோட்டு, நடுவே வலைத்துணி வைத்து, திட்டு முழுவதும், பக்கச் சுவரில் ஆறு அங்குலம் ஏற்றி, சட்டம் உட்காரப் போகும் இடத்துக்கு அடியிலும் பூசினோம். உள்பக்கம் சட்டத்தின் பின்னால் முக்கால் அங்குல உயரத்துக்கு ஒரு சிறு வரப்பு எடுத்து அதன் மேலும் பூச்சு போனது. மொத்தத்தில் ஜன்னலுக்கு அடியில் வெளியே சாய்ந்த ஒரு தட்டு. மேலே எந்தப் பசை எப்போது விட்டாலும் உள்ளே வந்த தண்ணீர் அந்தத் தட்டில் விழுந்து வெளியேதான் போக வேண்டும். பெரியவர் ஒரு செம்புத் தண்ணீரை அந்த வரப்பின் மேல் ஊற்றிவிட்டு வெளியே போய் நின்று பார்த்தார். எல்லாம் அவர் காலடியில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தூக்க விட்டார். ஜன்னல் வைத்தபின் இந்த வேலையைச் செய்யவே முடியாது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

திட்டின் மேல் கறுப்பு கிரானைட் கல், சுவரைவிட 2 அங்குலம் வெளியே நீட்டி. கல்லின் அடியில் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி கட்டிங் மெஷினால் ஒரு கோடு. கல்லின் இரண்டு முனைகளும் பக்கச் சுவர்ப் பூச்சுக்குள் 2 அங்குலம் புகுந்திருக்க வேண்டும். கல்லை அளவாக நறுக்கி வைத்தால் இரு முனையிலும் தண்ணீர் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் இரண்டு பக்கமும் தொங்குமீசை மாதிரி கறுப்புக் கறை விழும். தெருவில் நடக்கும் போது பாருங்கள், எத்தனையோ வீடுகளுக்கு அந்த மீசை இருக்கிறது. 

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். கொத்தனார்கள் பொதுவாகக் கலவையைச் சட்டத்தோடு ஒட்டப் பூசிவிடுவார்கள், பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் யுபிவிசி வெயிலில் நீளும். 6 அடிச் சட்டம் 25 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், சிமெண்ட் அந்த அளவுக்கு நகராது, ஒரு கோடையில் இரண்டும் பிரிந்து இடுக்கு விழும். இடைவெளியில் பேக்கர் ராடு என்று கடையில் கிடைக்கும் நுரைக்கயிற்றை அழுத்தி வைத்து, அதன் மேல் 5, 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் பசை. பசை இரு பக்கமும் ஒட்டி, பின்னால் ஒட்டாமல் இருந்தால்தான் ரப்பர் மாதிரி இழுபடும். சிலிக்கோனிலும் வகை உண்டு. மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிப்பது கண்ணாடிக்கு நல்லது, சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, நியூட்ரல் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது, பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் பாலியூரித்தேன் பசை. முதல் தடவை ஆரஞ்சு நிற நுரையை அடித்து அப்படியே விட்டிருந்தார்கள், ஆறு மாத வெயிலில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. நுரை இடத்தை நிரப்பும், தண்ணீரைத் தடுக்காது.

கிழக்கு ஜன்னலில் பழைய சறுக்குச் சட்டத்தையே துளைகளைச் சுத்தம் செய்து, கூடுதலாக இரண்டு துளை போட்டு, அடி ஆணிகளை எடுத்து ஓட்டைகளை அடைத்துத் திரும்ப வைத்தோம். வடக்குக்கு மட்டும் வெளியே திறக்கும் கதவுள்ள புதிய ஜன்னல், மூடினால் ரப்பர் பட்டியில் போய் அழுந்தும். கம்பி உள்பக்கம் போனது, கொசுவலை கொஞ்சம் தொல்லை. பழைய வீட்டுச் சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டிலும் விரிசல் இருந்தது, புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அங்கே பூச்சை எடுத்துக் கோழிவலை அடித்துத் திரும்பப் பூசினோம்.

2022, 2023 இரண்டு மழைக்கும் அறை காய்ந்தே இருந்தது. அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். புயல் கரையை நெருங்கும் வரை எங்களுக்குக் காற்று வடக்கிலிருந்து. வடக்கு ஜன்னலில் மழை கூழாங்கல் கொட்டுகிற மாதிரி விழுந்தது. நான் டார்ச்சோடு அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பட்டியின் உள்பக்கம் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கிழக்கு ஜன்னல் பாதையில் அரை விரற்கடைத் தண்ணீர் ஏறி இறங்கியது, தாண்டவில்லை. அம்மா தூங்கிவிட்டார்.

அன்று இரவு புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. புயல் நமக்கு வடக்கே போய் நின்றால் காற்று மேற்கிலிருந்து திரும்பி அடிக்கும், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. விடியற்காலை கிணற்றடிப் பக்கத்து ஜன்னலில் சத்தம் கேட்டது. மூன்று வருடமாக ஒரு சொட்டும் விடாத ஜன்னல், காற்று இதுவரை அதன் மேல் மழையைத் திருப்பி அடிக்காததால் மட்டும். பாதை நிரம்பி, அதே குமிழ்கள். அடியில் வைத்திருந்த அம்மாவின் மருந்து டப்பாவைத் தூக்கிவிட்டுப் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன்.

மேற்கு ஜன்னலுக்கான கிரானைட் கல் இப்போது கிணற்றுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது, அடியில் கோடு போட்டாகிவிட்டது, நீளத்தில் இரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டச் சொன்னேன். பெரியவர் வெயில் கொஞ்சம் இறங்கட்டும், ஆனியில் வருகிறேன் என்றிருக்கிறார்.